அரசியின் காலணிப் பணம்

கி.பி. 1544ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் புனித பிரான்சிஸ் சவேரியார் தம் உடனுழைப்பாளரான மன்சிலாசுக்கு எழுதிய மடல்களுள் ஒன்று ஆலந்தலையிலிருந்து எழுதப்பட்டதாகும். போர்த்துக்கீசியர் கையில் ஊரின் பெயர் 'அலெந்தலே' என உருமாறியிருந்தாலும், திருச்செந்தூருக்குத் தெற்கே கடலைப் பார்த்து அமர்ந்திருக்கும் நம் ஆலந்தலையே அது. அவ்வாண்டில் அவர் மன்சிலாசுக்கு விடுத்த மடல்கள் பல. அவற்றில் திரும்பத் திரும்ப வருவது பிள்ளைகளைப் பற்றிய கவலையே. பிள்ளைகளுக்குக் கற்பிப்பதை ஒரு நாளும் கைவிடலாகாது என்பது அவருடைய ஓயாத வேண்டுகோள்.

கற்பிக்க ஆள் வேண்டும். ஆளுக்கு ஊதியம் வேண்டும். வேம்பாறு முதல் மணப்பாடு வரை ஊர் ஊராக நடந்த ஒரு துறவி, ஓர் ஊரில் எத்தனை நாள் தங்க முடியும்? எனவே ஊருக்கு ஒருவரை அமர்த்தி, அவர் வழியே செபங்களும் மறைக்கல்வியும் தொடர ஏற்பாடு செய்தார். 'கணக்கப்பிள்ளை' என்று அந்நாளில் அழைக்கப்பட்டவர்கள் இவர்களே. இவர்களுக்கு ஊதியம் கொடுக்க அவர் கண்டுபிடித்த வழிதான் இக்கட்டுரைக்குத் தலைப்பைத் தந்தது.

முத்துக்குளித்துறைப் பரதவர் போர்த்துக்கல் அரசுக்கு ஆண்டுதோறும் திறை செலுத்தி வந்தனர். அதிலிருந்து 4,000 பணம் போர்த்துக்கல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அத்தொகையைக் கற்பிப்போரின் ஊதியத்துக்குத் திருப்பிவிட வேண்டுமென்று சவேரியார் கேட்டார்; ஆளுநர் மார்த்தீன் அல்போன்சோ தெ சூசா இசைந்தார். விண்ணகத்துக்கு ஏறிச் செல்ல அரசிக்கு இக்கடற்கரைப் பிள்ளைகளைக் காட்டிலும் நல்ல காலணி வேறெது கிடைக்கும் என்ற கருத்தில் சவேரியார் எழுதியதும் வரலாற்றில் நிலைத்துவிட்டது.

இதை நம் மேடைகளில் பலமுறை சொல்லி நெகிழ்ந்திருக்கிறோம். நெகிழ்வதில் பிழையில்லை. ஆயினும் வரலாறு படிப்பவர் ஒரு கேள்வியைக் கேட்காமல் கடந்துவிடக் கூடாது. அந்த 4,000 பணம் யாருடையது? அரசியின் கருவூலத்தில் விளைந்ததா? இல்லை. இடுப்பில் கயிறும் காலில் கல்லும் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிப் பாருக்கு இறங்கிய சலாபக்காரனின் உழைப்பிலிருந்து பிடிக்கப்பட்ட திறை அது. அதில் ஒரு பங்கு அவன் பிள்ளையின் படிப்புக்கென்று திரும்பி வந்தது. வந்ததைக் கொடை என்று சொன்னார்கள். மானியம் என்று இன்று நாம் சொல்லும் எதையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்ப்பது நலம். (அன்று கற்பிக்கப்பட்டது பெரும்பாலும் மனப்பாடச் செபம்தான், எழுத்தும் கணக்கும் அன்று என்பதையும் நேர்மையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.)

ஒரு தலைமுறை கழித்து, அதே கரையில் நிலைமை தலைகீழாயிற்று. புன்னைக்காயலில் வாழ்ந்த என்றிக்கே என்றிக்கசு அடிகளார் தமிழை முறையாகக் கற்று, இலக்கணம் எழுதி, அச்சேற்றவும் துணிந்தார். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. 1586இல் அடியார் வரலாறு அச்சாயிற்று. இந்திய மொழி ஒன்றில், அம்மொழியின் எழுத்திலேயே இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் என்று 'தம்பிரான் வணக்க'த்தை அறிஞர் போற்றுகின்றனர். அந்த அச்சுப் பணிக்குப் பொருள் கொடுத்தோர் பரதவர். முத்து விற்ற பணம் புத்தகமாயிற்று. எந்த அரசியும் இடையில் இல்லை.

1658இல் தூத்துக்குடி ஒல்லாந்தர் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டனர். கல்விப் பணியும் தேய்ந்தது. முத்துச் சலாபத்தின் வருவாய் மட்டும் தேயவில்லை. ஒல்லாந்தரும் அவர்களுக்குப் பின் ஆங்கிலேயரும் சலாபத்தை அரசின் தனியுரிமையாகவே நடத்தினர். 1961இல் கடைசிச் சலாபம் நடந்து, பார்களில் சிப்பி அற்றுப்போகும்வரை கடலடிப் பொருளின் பெரும்பங்கு கரைக்கு வெளியேதான் சென்றது.

உயர்கல்விக்கு அரசுப் பணம் என்னும் எண்ணம் இந்நாட்டில் 1854ஆம் ஆண்டு சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கையோடு உருப்பெற்றது எனலாம். தனியார் பள்ளிகளும் கல்லூரிகளும் தரத்தைக் காட்டினால் அரசு 'உதவி மானியம்' தரும் என்றது அது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. சேசு சபையார் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய புனித வளனார் கல்லூரி 1883இல் திருச்சிக்கு இடம் பெயர்ந்தது. தெற்கே பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரி 1923இல் எழுந்தது; அதே ஆண்டில்தான் தூத்துக்குடி மறைமாவட்டமும் உருவாகி, மேதகு திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை முதல் ஆயராய்ப் பொறுப்பேற்றார். தூத்துக்குடியில் தூய மரியன்னை கல்லூரி 1948இலும், வ.உ. சிதம்பரம் கல்லூரி 1951இலும் திறக்கப்பட்டன. நம் ஊருக்கு அருகே, திருச்செந்தூரில் ஆதித்தனார் கல்லூரி 1965இலும், பெண்களுக்கான கோவிந்தம்மாள் ஆதித்தனார் கல்லூரி 1986இலும் வந்தன. ஆண்டுகளைக் கவனியுங்கள். சவேரியார் ஆலந்தலையில் மடல் எழுதியதற்கும், ஆலந்தலைப் பிள்ளை காலையில் பேருந்தேறி மாலையில் வீடு திரும்பும் தொலைவில் ஒரு கல்லூரி வந்ததற்கும் இடையே 421 ஆண்டுகள்.

உதவி மானியத்தின் இயல்பு ஒன்றை இங்கே விளக்க வேண்டும். அது நிறுவனத்துக்கு வரும் பணம். ஆசிரியர் சம்பளத்தை அது தாங்கும். மாணவனின் விடுதிச் செலவையோ, அவன் கடலுக்குப் போகாததால் வீட்டில் குறையும் ஒரு பங்கையோ அது தாங்காது. எனவே எவன் வீட்டில் ஏற்கனவே சோறு இருந்ததோ அவனே மானியத்தின் பயனை நுகர்ந்தான்.

இந்த இடைவெளியைத் தாங்களே நிரப்பிக்கொண்ட மக்களும் இருந்தனர். நம் அண்டையில் நாடார் பெருமக்கள் வணிகத்தின்மேல் 'மகமை' என்று ஒரு சிறு தொகை பிடித்து ஊர்ப் பொதுநிதி சேர்த்தனர். விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது அந்நிதியால்தான். 1910இல் தோன்றிய நாடார் மகாஜன சங்கம் மாணவருக்கு உதவித்தொகையைக் கடனாகக் கொடுத்தது. படித்தவன் திருப்பித் தந்தால் அடுத்தவன் படிப்பான். நம் கரையிலும் மீன்பாட்டின்மேல் 'தெறிப்பு' உண்டு. பரம்பரை பரம்பரையாக உண்டு. அதைக்கொண்டு நாம் கோபுரம் கட்டினோம், கொடிமரம் நட்டோம், திருவிழா எடுத்தோம். நம் ஆலயங்கள் அழகானவை. அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் கப்பலில் வருவோர் தொலைவிலேயே காணுமாறு கோபுரம் எழுப்பிய கரைக்கு, ஒரு படிப்பு நிதி எழுப்ப இத்தனை காலம் ஏன் தேவைப்பட்டது என்பது நம் ஊர்க் கமிட்டிகள் விவாதிக்க வேண்டிய பொருள்தான். வணிகனின் வருவாய் ஓரளவு சீரானது, கடலோடியின் வருவாய் அப்படியன்று என்று ஒரு விடை சொல்வர். அது பாதி விடை.

பணம் நிறுவனத்தை விட்டு மாணவனைப் பின்தொடர வேண்டும் என்னும் எண்ணத்தை இந்தியாவில் அரசுத் திட்டமாக்கும் அளவுக்குக் கொண்டு சென்றவர் டாக்டர் அம்பேத்கர். 1942இல் வைசிராயின் நிருவாகக் குழுவில் உறுப்பினரானதும், பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து லின்லித்கோ பிரபுவிடம் ஒரு விண்ணப்பம் அளித்தார். அவர் வாதம் எளிமையானது. காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் அரசு பெருந்தொகை வழங்குகிறது. தமக்கெனப் பல்கலைக்கழகம் இல்லாத மக்களுக்கு அந்நீதி எவ்வாறு சென்றடையும்? அவர்களுடைய பிள்ளைகள் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் அவர்களைத் தேடிப் பணம் செல்ல வேண்டும். குறிப்பாக அறிவியலும் தொழில்நுட்பமும் படிப்போருக்கும், வெளிநாடு சென்று படிப்போருக்கும் வேண்டும். அரசு இசைந்தது. 1944இல் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாயோடு, பள்ளியிறுதிக்குப் பிந்திய படிப்புக்கான உதவித்தொகைத் திட்டம் தொடங்கிற்று. 1948-49இல் பழங்குடியினரும் 1949-50இல் பிற பிற்பட்ட வகுப்பினரும் அதில் சேர்க்கப்பட்டனர். இன்று இலட்சக்கணக்கான பிள்ளைகள் கையொப்பமிடும் அந்த விண்ணப்பப் படிவத்தின் மூதாதை இதுவே.

ஆனால் மாணவனைத் தேடிச் செல்லும் பணத்துக்கு ஒரு பட்டியல் தேவை. யார் உள்ளே, யார் வெளியே? 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஆணை, பட்டியல் சாதியினர் என்போர் இந்து சமயத்தினராய் இருத்தல் வேண்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்தவரான தலித் மக்களுக்கு இன்றுவரை திறக்கவில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் சமயத் தடையை நீக்கலாம் என்று பரிந்துரைத்தது, 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமர்த்தப்பட்டது. இக்குறையின் ஒரு பகுதியைத் தமிழக அரசு தன் சொந்த நிதியால் ஈடுசெய்து, மதம் மாறிய ஆதிதிராவிட மாணவருக்கும் உதவித்தொகை வழங்கி வருகிறது. இதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். ஆயினும் அம்மாணவன் வேலைக்கான இடஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோர் வரிசையில்தான் நிற்கிறான். ஒரே பிள்ளை, கல்லூரி வாயிலில் ஒரு பெயராலும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேறு பெயராலும் அழைக்கப்படுகிறான்.

நம் கரையைப் பற்றிய விந்தை வேறு. பட்டியல் சாதிகளின் பெயர் நிரலில் 'பரவன்' என்னும் பெயர் தமிழகம் முழுமைக்கும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் செங்கோட்டை வட்டத்துக்கும் மட்டும் உண்டு. காரணம் சமூகவியலன்று, புவியியல். அவ்விரு பகுதிகளும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவை. அம்மாநிலத்தின் பட்டியல் எல்லையோடு சேர்ந்து நம்மிடம் வந்தது. அப்பெயரால் அங்கே குறிக்கப்படுவோரும் நம் பரதவரும் ஒருவரேயா என்பது வேறு கேள்வி; அதில் எளிதாகத் தீர்ப்புச் சொல்லலாகாது. எப்படியாயினும், கிறித்தவர் என்பதால் நம்மவர்க்கு அந்த நிரல் பயன்படாது. 1989இல் தமிழக அரசு பிற்பட்டோருக்கான 50 விழுக்காட்டைப் பிரித்து 20 விழுக்காட்டை மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கென ஒதுக்கியது. பரதவக் கிறித்தவர் இடம்பெற்றிருப்பது அந்தப் பட்டியலில்தான். பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது மீனவர் அமைப்புகளின் நெடுநாள் கோரிக்கை.

பட்டியலில் இடம் கிடைத்துவிட்டால் போதுமா? கல்லூரிக்குள் நுழைந்தபின் நடப்பதைப் பங்குத்தந்தையர் நன்கு அறிவர். கட்டணம் கட்டியாயிற்று, இடமும் கிடைத்தாயிற்று. முதற்பருவத் தேர்வில் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தோல்வி. வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவருமில்லை. டிசம்பரில் பையன் மடியில் புத்தகமின்றி வள்ளத்தில் இருக்கிறான். விசைப்படகில் ஏறினால் உரிமையாளரிடம் முன்பணம் கிடைக்கும். வாங்கியபின் கரையேறிப் படிக்க வருவது கடினம்.

இந்த இடத்தில் அமெரிக்க நாட்டின் பட்டறிவு ஒன்று கவனத்துக்குரியது. அங்கே 1964இல் வறுமை ஒழிப்புச் சட்டத்தின் கீழும், 1965இல் உயர்கல்விச் சட்டத்தின் கீழும் ஏழை மாணவரைக் கல்லூரிக்கு ஆயத்தப்படுத்தும் திட்டங்கள் பிறந்தன. 1968இல் மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது: கல்லூரிக்குள் ஏற்கனவே வந்துவிட்ட ஏழை மாணவனுக்கும், குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவனுக்கும், உடற்குறையுள்ளவனுக்கும் தனிப்பயிற்சியும் வழிகாட்டலும் தரக் கல்லூரிக்கே நிதி வழங்குதல். மூன்று என்பதால் 'ட்ரியோ' என்ற பெயர் அவற்றுக்கு நிலைத்தது. கல்லூரிகள் திட்டம் எழுதிப் போட்டியிட்டு அந்நிதியைப் பெற வேண்டும். குறித்த ஆண்டுகள் முடிந்ததும் மீண்டும் போட்டியிட வேண்டும். ஆக, நிறுவனத்துக்குச் செல்லும் பணமே ஆயினும் அது கட்டடத்துக்கன்று, குறித்த மாணவரைக் கரைசேர்ப்பதற்கு.

நம் நாட்டிலும் இதற்கு இணையான முயற்சி இருந்தது. 1953இல் தொடங்கி 1956இல் சட்டமுறை அமைப்பான பல்கலைக்கழக மானியக் குழு, பட்டியல் இனத்தவர், பிற்பட்டோர், சிறுபான்மையினர் ஆகிய மாணவருக்குக் குறைதீர் பயிற்சி வகுப்புகள் நடத்தக் கல்லூரிகளுக்கு நிதி வழங்கியது. ஐந்தாண்டுத் திட்டங்களோடு அந்நிதி வந்தது. 12ஆம் திட்டம் 2017 மார்ச்சோடு முடிந்தது. அதற்குப்பின் ஐந்தாண்டுத் திட்டம் என்பதே இல்லை. திட்டத்தை நம்பி வந்த பயிற்சி வகுப்புகளும் பல கல்லூரிகளில் அடங்கிவிட்டன. திருச்சபையின் பங்களிப்பாக ஒன்றைச் சொல்லலாம். கல்லூரி செல்ல முடியாதவரைத் தொழிற்கல்வியால் தூக்கிவிடும் 'சமுதாயக் கல்லூரி' முறையை 1996இல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் சென்னையில் தொடங்கியது. சேசு சபை அருட்தந்தை சேவியர் அல்போன்ஸ் அதை நாடளாவிய இயக்கமாக வளர்த்தார். பிற்காலத்தில் மானியக் குழுவே அம்முறையை ஏற்று நிதி வழங்க முன்வந்தது.

பணம் இருந்தும் காலத்தில் வராததால் நேரும் இழப்பு தனி வகை. உதவித்தொகையின் சுமையை மத்திய அரசும் மாநில அரசும் எப்படிப் பகிர்வது என்பதில் 'கடப்பாட்டுத் தொகை' என்றொரு முறை இருந்தது. ஒரு திட்டக்காலத்தின் கடைசி ஆண்டில் மொத்தமாகச் செலவான தொகையளவு, அடுத்த காலத்தில் மாநிலத்தின் பொறுப்பாகிவிடும். அதற்கு மேற்பட்டதை மட்டுமே மத்திய அரசு கொடுக்கும். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் எந்த மாநிலம் ஏழைப் பிள்ளைகளை மிகுதியாகக் கல்லூரிக்கு அனுப்பியதோ அந்த மாநிலத்தின் சுமையே மிகுதியாகும். படிக்க வைத்ததற்குத் தண்டம் போன்றது அது. 2017க்குப் பின் பல மாநிலங்கள் திணறின. 2020 டிசம்பரில்தான் பட்டியல் சாதி மாணவருக்கான திட்டத்தில் 60க்கு 40 என்ற விகிதம் முடிவாயிற்று. ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. 1944இன் 3 லட்சத்தையும் இத்தொகையையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். பணத்தின் மதிப்பு வீழ்ந்ததைக் கழித்தாலும் வளர்ச்சி பெரிதே. மறுபக்கம், சிறுபான்மை ஆய்வு மாணவருக்கான மௌலானா ஆசாத் ஆய்வுநிதி 2022இல் நிறுத்தப்பட்டது.

டெல்லியிலும் சென்னையிலும் விகிதம் பேசப்படும் காலத்தில் கரையில் என்ன நடக்கும்? உதவித்தொகை வந்து சேரும்வரை கட்டணத்தைக் கட்டச் சொல்லும் கல்லூரிகள் உண்டு. கட்டாதவனின் சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொண்ட ஒரு கல்லூரியின் வாயிலில் நான் பெற்றோரோடு ஒரு பகல் முழுதும் நின்றிருக்கிறேன். அத்தாய் முந்தின நாள் வட்டிக்கடைக்குப் போய் வந்திருந்தார். வருமானச் சான்றிதழ் வாங்குவதோ இன்னொரு கதை. பட்டியல் சாதி மாணவருக்கான திட்டத்தில் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்கு மேற்படக் கூடாது என்பது போல ஒவ்வொரு படிவமும் ஓர் எண்ணைக் கேட்கும். ஒரு நாள் வலை நிறைந்தும் பத்து நாள் வெறுங்கையோடும் திரும்புகிறவன், பாடு கழித்துப் பங்கு பிரித்து வாங்குகிறவன், மீன்பிடித் தடைக்காலத்தில் வலை பின்னிக் காலம் தள்ளுகிறவன் தன் ஆண்டு வருமானத்தை எப்படிச் சொல்வான்? அலுவலர் ஒரு தொகையை எழுதுகிறார். அது உண்மையுமன்று, பொய்யுமன்று.

2010இல் தமிழக அரசு, குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப்போகும் மாணவருக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை அறிவித்தபோது நம் கரையில் அதற்குத் தகுதியானோர் ஏராளமாக இருந்தனர். அத்தகுதியில் பெருமை கொள்ள ஒன்றுமில்லை என்றாலும், 'முதல்' என்ற சொல்லைச் சான்றிதழில் பார்த்த பிள்ளைகளின் முகம் மலர்ந்தது உண்மை.

2022 செப்டம்பர் 5இல் 'புதுமைப் பெண்' திட்டம் தொடங்கிற்று. உயர்கல்வி படிக்கும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. நகரத்தார் பார்வைக்கு இதில் குறை தோன்றாது. ஆனால் நம் கடற்கரையில் பல ஊர்களில் ஏழைப் பெண் படிப்பது மறைமாவட்டமோ துறவற சபையோ நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளியில்தான். அரசு ஆசிரியருக்குச் சம்பளம் தருகிறது. பெயர்ப்பலகையில் மட்டும் 'அரசு' இல்லை. 1854இன் உதவி மானியம் பெற்றுத் தந்த பள்ளியே 2022இல் அவளுக்குத் தடையாயிற்று. 2024 ஆகஸ்டு 9இல் ஆண்பிள்ளைகளுக்கான 'தமிழ்ப் புதல்வன்' வந்தது. அதில் உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி பயின்றோரும் அடக்கம். ஆகவே ஒரே பள்ளியில் படித்த அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவே, அண்ணன் கணக்கில் பணம் ஏறியது, தங்கை கணக்கில் ஏறவில்லை.

அந்த வேறுபாடு 2024 டிசம்பர் 30இல் நீங்கியது. உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்ற பெண்களுக்கும் திட்டத்தை விரிவாக்கும் விழாவை முதலமைச்சர் நம் தூத்துக்குடியிலேயே நடத்தினார். 2022இல் கல்லூரியில் சேர்ந்த கடற்கரைப் பெண் அன்று மூன்றாம் ஆண்டின் கடைசிப் பருவத்தின் வாயிலில் நின்றிருந்தாள். அவளுடைய தங்கை அந்த ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். விண்ணப்பப் படிவத்தோடு 2025 கோடையில் பங்கு இல்லத்துக்கு வந்தவர்கள் அந்தத் தங்கைகளே.